ஏலத்தில் எடுத்த வீடு, இ.சி.யில் தீராத அடமானம்: மீதிப் பணத்தைக் கட்டலாமா?

திருப்பூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்:

"வணக்கம் மேடம். சின்னத் தையல் யூனிட் வைத்திருக்கிறேன். இத்தனை வருடமும் வாடகை வீடுதான். போன மாதம் ஒரு வங்கி இணையத்தில் நடத்திய ஏலத்தில் இரண்டேமுக்கால் சென்ட் இடமும் அதில் 900 சதுர அடி வீடும் 38,40,000 ரூபாய்க்கு என் பெயரில் முடிந்தது. முன்பணத்தோடு சேர்த்து 25 சதவீதம், 9,60,000 ரூபாய் மறுநாளே கட்டிவிட்டேன். அதில் பாதி மனைவியின் நகையை அடகு வைத்துப் புரட்டியது. அதற்குப் பிறகுதான் இ.சி. (வில்லங்கச் சான்றிதழ்) போட்டுப் பார்த்தேன். பழைய உரிமையாளர் 2007-ல் ஒரு கூட்டுறவு வீட்டுவசதி சங்கத்தில் 2,75,000 ரூபாய்க்கு அடமானம் எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்தக் கடன் தீர்ந்ததற்கான ரசீது பதிவாகவே இல்லை. 2014-ல் அவரிடமிருந்து இப்போதைய கடனாளி கிரயம் வாங்கி, 2015-ல் ஏலம் விட்ட வங்கியிடம் எம்.ஓ.டி. (அசல் பத்திரங்களை ஒப்படைத்து எழுதும் அடமானக் குறிப்பாணை) பதிந்திருக்கிறார். 2018-ல் ஒரு தனிநபருக்கு 6,00,000 ரூபாய்க்கு இன்னொரு அடமானப் பத்திரம். 2020-ல் சப் கோர்ட் ஜப்தி. ஏல அறிவிப்பில் 'வங்கிக்குத் தெரிந்த வில்லங்கம்: இல்லை' என்று இருந்தது. வங்கியில் கேட்டால் 'நாங்கள் விற்றால் எல்லாம் அடிபட்டுப் போகும், பணத்தைக் கட்டுங்கள்' என்கிறார்கள். 'போனது போகட்டும், விட்டுவிடு' என்கிறார் மச்சான். மீதி 28,80,000 ரூபாயைக் கட்டுவதா, விடுவதா?"

உங்கள் மின்னஞ்சல் வந்த அன்றே இரண்டு வரி பதில் போட்டேன்: மீதிப் பணத்துக்குக் கெடு நீட்டிக்கச் சொல்லி இன்றே எழுத்தில் கேளுங்கள் என்று. விற்பனை உறுதியான 15-வது நாளுக்குள் மீதியைக் கட்ட வேண்டும் என்பது சர்ஃபேசி (அடமானச் சொத்தை வங்கியே விற்றுக் கடனை வசூலிக்க வழிசெய்யும் சட்டம்) விதிகளில் 9(4). இரு தரப்பும் எழுத்தில் ஒத்துக்கொண்டால் அதை 3 மாதம் வரை நீட்டலாம். வங்கி உங்களுக்கு 2 மாதம் எழுத்திலேயே கொடுத்துவிட்டதாக நேற்று தகவல் அனுப்பியிருந்தீர்கள். பெரிய நிம்மதி. இப்போது நிதானமாகப் பார்க்கலாம்.

மச்சான் சொல்வதுபோல் விட்டுவிடாதீர்கள். கெடுவுக்குள் மீதியைக் கட்டாவிட்டால் கட்டிய 9,60,000 ரூபாயும் பறிமுதலாகும். விதி 9(5) அப்படித்தான் சொல்கிறது. தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில், உயர் நீதிமன்றம் இரக்கப்பட்டு ஒரு பகுதியைத் திருப்பித் தரச் சொன்னதைக்கூட 2024-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்து, முழு 25 சதவீதமும் வங்கிக்கே என்று சொல்லிவிட்டது. அதற்காக வங்கி சொல்கிறபடி கண்ணை மூடிக்கொண்டு கட்டிவிடவும் வேண்டாம். "எல்லாம் அடிபட்டுப் போகும்" என்பதில் பாதி உண்மை, பாதி தவறு. அந்தத் தவறான பாதி இருப்பது 2007-ஆம் வருடப் பதிவில்.

அந்த இ.சி.யை ஒரு பென்சிலோடு எடுத்துக்கொண்டு உட்காருங்கள். ஏலம் விட்ட வங்கியின் 2015 எம்.ஓ.டி. பதிவுக்கு அடியில் ஒரு கோடு போடுங்கள். கோட்டுக்கு மேலே இருப்பது வேறு வகை, கீழே இருப்பது வேறு வகை. ஏலச் சொத்து இ.சி. எது வக்கீலான என் மேஜைக்கு வந்தாலும் நான் முதலில் செய்வது இதைத்தான். வங்கிக்கு 2015-ல் சொத்தின் மேல் என்ன உரிமை வந்ததோ அதைத்தான் வங்கி இன்று விற்கிறது. அதற்கு முன்பே ஒருவருக்கு அடமான உரிமை இருந்தால், அந்தச் சுமையோடுதான் வங்கியே வாங்கி வைத்திருந்தது என்று அர்த்தம். தன்னிடம் இல்லாததை அது உங்களுக்குக் கொடுக்க முடியாது. 2015-க்குப் பிறகு வந்தவர்களோ, வங்கியின் உரிமைக்குக் கீழேதான் வந்து நின்றார்கள். வங்கி விற்றால் அவர்களுடைய உரிமை வீட்டை விட்டு இறங்கி, விற்ற பணத்தில் வங்கிக் கடன்போக மிச்சம் இருந்தால் அதன் மேல் போய் உட்காரும்.

கோட்டுக்குக் கீழே இருப்பதைச் சீக்கிரமாகப் பார்த்துவிடலாம். 2018-ல் 6,00,000 ரூபாய் கொடுத்த தனிநபர், பதிவான முதல் அடமானம் ஒன்று இருக்கத் தெரிந்தே கொடுத்திருக்கிறார். தெரியாது என்று அவர் சொல்ல முடியாது. பதிவான ஆவணம் எல்லோருக்கும் தெரிந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். வங்கிக்கு வர வேண்டியது 44 லட்சத்துக்கு மேல் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் கேட்டதோ 38,40,000. மிச்சம் ஒரு ரூபாயும் இல்லை. ஆகவே அவர் நாளைக்கு வாசலில் வந்து நின்றாலும் நீங்கள் அவருக்கு எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. கடன் வாங்கியவர் மேல் அவர் தனியாக வழக்குப் போட்டுக்கொள்ளலாம். அவரோடு சமரசம் பேசுகிறேன் என்று யாராவது தரகர் வந்தால் உட்கார வைக்காதீர்கள்.

2020 ஜப்தியும் இதே கதைதான். உங்கள் இ.சி. நகலைப் பார்த்தேன். அது தீர்ப்புக்கு முந்தைய ஜப்தி. வழக்கில் சம்பந்தப்படாத ஒருவருக்கு ஜப்திக்கு முன்பே இருந்த உரிமையை அந்த ஜப்தி பாதிக்காது என்று உரிமையியல் நடைமுறைச் சட்டம், ஆணை 38, விதி 10 தெளிவாகச் சொல்கிறது. வங்கியின் அடமானம் 2015, ஜப்தி 2020. சட்டத்தில் சிக்கல் இல்லை. சிக்கல் சார்பதிவாளர் அலுவலகத்தில் வரும். ஜப்தியில் இருக்கும் சொத்தின் பத்திரத்தைப் பதியக் கூடாது என்று பதிவுச் சட்டத்தில் தமிழ்நாடு 2022-ல் சேர்த்த 22-பி பிரிவைக் காட்டி, உங்கள் விற்பனைச் சான்றிதழைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அடமானம் முந்தையது, ஜப்தி பிந்தையது என்றால் பதிய வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் பல வழக்குகளில் உத்தரவிட்டிருக்கிறது. ஆனால் ஒவ்வொருவரும் உத்தரவு வாங்கிக்கொண்டுதான் போக வேண்டியிருக்கிறது. இதற்கு இரண்டு வழி உண்டு. ஜப்தி போட்ட அதே சப் கோர்ட்டில் ஜப்தியை நீக்கக் கோரி மனுப் போடுவது ஒன்று. சார்பதிவாளர் மறுத்து எழுதித் தந்த பிறகு உயர் நீதிமன்றத்தில் ரிட் போடுவது மற்றது. முதல் வழியை வங்கியே செய்ய வேண்டும் என்று கேளுங்கள். அவர்களுடைய அடமானத்தை அவர்கள் நிரூபிப்பதுதான் சுலபம், ஆவணங்களும் அவர்களிடம்தான் இருக்கின்றன.

கோட்டுக்குக் கீழே இருப்பவர்களைப் பற்றி இவ்வளவு தைரியமாகப் பேசுவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. 2015 அடமானத்தை வங்கி செர்சாய் என்ற மத்தியப் பதிவகத்தில் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். சொற்பக் கட்டணம் கட்டினால் யாரும் அதன் இணையதளத்தில் தேடிப் பார்க்கலாம். 2020 ஜனவரி 24 முதல் நடைமுறைக்கு வந்த, சர்ஃபேசி சட்டத்தின் 26-இ பிரிவின்படி, அங்கே பதிந்த வங்கிக்கு மற்றக் கடன்கள், அரசு வரிகள், உள்ளாட்சிப் பாக்கிகள் எல்லாவற்றுக்கும் முந்திய இடம் கிடைக்கும். கடனாளி பனியன் கம்பெனி நடத்தியவர் என்கிறீர்கள். விற்பனை வரிப் பாக்கி, ஜி.எஸ்.டி. பாக்கி என்று பின்னால் ஏதாவது துறை கிளம்பி வந்தால் உங்களுக்கு இந்தப் பதிவுதான் கவசம். பதிவு எண்ணை வங்கியிடம் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது கோட்டுக்கு மேலே போவோம். நீங்கள் தூக்கம் கெட வேண்டிய பதிவு ஒன்றே ஒன்றுதான்: 2007, கூட்டுறவு வீட்டுவசதி சங்கம், 2,75,000 ரூபாய்.

"18 வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, காலாவதி" என்று யாராவது சொல்வார்கள். நம்ப வேண்டாம். அடமானக் கடனை வசூலிக்க 12 வருடக் காலவரம்பு என்பது உண்மை. ஆனால் அது கடன் வாங்கிய நாளிலிருந்து ஓடத் தொடங்காது, பணம் கட்ட வேண்டிய கெடுவிலிருந்துதான் ஓடும். சங்கங்கள் 15 வருடம், 20 வருடம் தவணை போட்டுக் கொடுத்தவை. 15 வருடத் தவணை என்றே வைத்தாலும் 2022-லிருந்துதான் 12 எண்ண வேண்டும். இடையில் வட்டி கட்டியிருந்தால் அது இன்னும் தள்ளிப் போகும். வசூலிக்கும் காலம் கடந்தே போயிருந்தாலும் இ.சி.யில் இருக்கும் பதிவு தானாக அழியாது. நாளைக்கு நீங்கள் வீட்டுக் கடனுக்குப் போனால் அந்த வங்கியின் வக்கீல் முதலில் கேட்பது அந்த ரசீதைத்தான்.

ஆனாலும் என் அனுபவத்தில் இந்த மாதிரிப் பதிவுகளில் பெரும்பாலும் கடன் எப்போதோ தீர்ந்திருக்கும், ரசீதுதான் பதியப்பட்டிருக்காது. உங்கள் விஷயத்திலும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்க எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. அதைச் சோதித்துப் பார்க்க உங்களுக்கு ஒரு நாள் போதும்.

2015-ல் வங்கி எம்.ஓ.டி. வாங்கும்போது மூலப் பத்திரங்களை அசலாக வாங்கியிருக்கும். எம்.ஓ.டி. என்பதே அசல் பத்திரங்களை ஒப்படைத்ததற்கு எழுதும் குறிப்பாணைதான். 2007-ல் சங்கத்தில் கடன் நிலுவையில் இருந்தால் பழைய கிரயப் பத்திரத்தின் அசல் சங்கத்தின் பெட்டியில்தானே இருக்க வேண்டும்? அது 2015-ல் வங்கிக்கு வந்து சேர்ந்திருக்கிறது என்றால் இடையில் சங்கம் அதைத் திருப்பிக் கொடுத்திருக்கிறது. ஆகவே வங்கியில் நீங்கள் பார்க்க வேண்டியது ஏல அறிவிப்பை அல்ல, பத்திரக் கட்டை. ஏலம் எடுத்தவர் ஆவணங்களைப் பார்வையிட எழுதிக் கேட்டால் காட்டுவார்கள். எம்.ஓ.டி.யின் பின்பக்க அட்டவணையில் ஒப்படைத்த பத்திரங்கள் வரிசையாக இருக்கும். 2007-க்கு முந்தைய கிரயப் பத்திரத்துக்கு எதிரே "அசல்" என்று இருக்கிறதா, "நகல்" என்று இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் அந்தக் கட்டில் 2007 அடமானப் பத்திரமே அசலாக இருக்கிறதா என்று தேடுங்கள். கடன் தீர்ந்ததும் சங்கம் அடமானப் பத்திரத்தின் மேல் குறுக்கே கோடு போட்டு, "கடன் தீர்ந்தது" என்று முத்திரை வைத்து, செயலாளர் கையெழுத்தோடு திருப்பிக் கொடுக்கும் பழக்கம் உண்டு. அது கிடைத்துவிட்டால் முக்கால் வேலை முடிந்தது.

2015-ல் கடன் கொடுக்கும்போது வங்கியின் வக்கீல் எழுதித் தந்த சட்டக் கருத்துரையையும் கேளுங்கள். 2007 பதிவை அவர் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. அவர் அதைப் பற்றி என்ன எழுதினார், சங்கத்திடமிருந்து ஏதாவது கடிதம் வாங்கச் சொன்னாரா என்பது அதில் இருக்கும். வங்கிக்குத் தெரிந்த வில்லங்கம் எதுவும் இல்லை என்று அறிவிப்பில் போட்டார்களே, அது சரியல்ல என்பதற்கும் அந்தக் காகிதமே சாட்சி.

நகல் என்று இருந்தாலோ, கட்டில் எதுவும் கிடைக்காவிட்டாலோ நேராகச் சங்கத்துக்குப் போங்கள். சில வருடங்களுக்கு முன் இதே போன்ற ஒரு பதிவுக்காக ஒரு கட்சிக்காரரோடு நானே போனேன். ரேஷன் கடைக்கு மேலே ஒரு மாடி அறை. அலுவலகம் வாரத்தில் இரண்டு நாள்தான் திறக்கும். சங்கம் கலைக்கப்பட்டுவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள், ஆனால் ஒரு எழுத்தர் இருந்தார். உறுப்பினர் எண்ணைச் சொன்னதும் இரும்பு அலமாரியிலிருந்து நீளமான பேரேடு ஒன்றை எடுத்து, தூசியைத் துணியால் துடைத்துப் பிரித்தார். ஒரே பக்கத்தில் அந்த மனிதரின் பதினோரு வருடத் தவணைகளும் நீல மையில் இருந்தன. கடைசி வரியில் பாக்கி என்ற இடத்தில் ஒரு சுழியம், அதற்கு எதிரே சிவப்பு மையில் "கணக்கு முடிந்தது". கடன் தீர்ந்த அன்று ரசீது பதிய வாருங்கள் என்று செயலாளர் கூப்பிட்டிருக்கிறார். பதிவுச் செலவை நினைத்துக் கடன் வாங்கியவர் வரவில்லை. அந்தப் பேரேட்டுப் பக்கத்தின் சான்றிட்ட நகலை வாங்கி, தனி அலுவலரை வைத்து ரசீதுப் பத்திரம் பதிய எங்களுக்கு ஐந்து வாரம் ஆனது. கடன் வாங்கியவர் அதற்குள் இறந்துபோயிருந்தார். ரசீது எழுதிக் கொடுக்க வேண்டியது கடன் கொடுத்தவர் என்பதால் அது தடையாக இல்லை.

உங்கள் சங்கத்தில் ஆள் இல்லை என்றால் மாவட்டத்தில் வீட்டுவசதிக் கூட்டுறவுத் துணைப் பதிவாளரிடம் எழுதிக் கேளுங்கள். சங்கம் கலைப்பில் இருந்தால் கலைத்தல் அலுவலர் என்று ஒருவர் இருப்பார், அவர் கையெழுத்துப் போடுவார். சங்கத்திடம் நீங்கள் முதலில் வாங்க வேண்டியது ஒரே ஒரு கடிதம்: இந்தக் கடனில் இன்றைய தேதிக்குப் பாக்கி எவ்வளவு, அல்லது பாக்கி இல்லை.

பாக்கி உண்டு என்று வந்தால் என்ன செய்வது? 2,75,000 அசல் வட்டியும் அபராத வட்டியுமாக எங்கே போய் நிற்கும் என்று நினைத்தால் பயமாகத்தான் இருக்கும். இங்கேதான் விதி 9(7) வருகிறது. ஏலத்தில் போன சொத்துக்கு வில்லங்கம் இருந்தால், அதைத் தீர்க்கத் தேவையான பணத்தை வாங்குபவர் வங்கியின் அங்கீகரிக்கப்பட்ட அலுவலரிடம் செலுத்தலாம். அவர் சம்பந்தப்பட்டவர்களுக்கு அறிவிப்பு அனுப்பித் தீர்த்து, வில்லங்கம் நீங்கிய சொத்தாக ஒப்படைப்பார். நல்ல வழிதான், ஆனால் அந்த விதி சொல்வது வாங்குபவர் பணத்தை. நீங்கள் கேட்ட 38,40,000-க்கு மேல் இன்னொரு தொகையை நீங்கள் ஏன் போட வேண்டும்? உங்கள் வாதம் இப்படி இருக்க வேண்டும்: விற்பனை அறிவிப்பில் தனக்குத் தெரிந்த வில்லங்கத்தைச் சொல்வது விதி 8(6)-ன்படி வங்கியின் கடமை. 2007 அடமானம் பதிவான ஆவணம், வங்கியின் சொந்தக் கருத்துரையில் இருப்பது. அதை மறைத்து "இல்லை" என்று போட்டதால் அதைத் தீர்க்கும் பணம் நான் கட்டும் விலைக்குள்ளிருந்தே போக வேண்டும், இல்லையென்றால் விற்பனையை ரத்து செய்து என் பணத்தைத் திருப்பித் தாருங்கள்.

இந்த வாதத்துக்கு உள்ள பலவீனத்தையும் மறைக்க மாட்டேன். ஏல நிபந்தனைகளில் "உள்ளது உள்ளபடி, உள்ள இடத்தில் உள்ளபடி" என்று ஒரு வரி இருக்கும், நீங்களும் அதில் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். அந்த வரி சொத்தின் வெளி நிலையைப் பற்றியதுதான், தெரிந்த வில்லங்கத்தைச் சொல்லாமல் இருக்க அது அனுமதி இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதுண்டு. ஆனால் நீதிமன்றங்கள் எப்போதும் ஒரே மாதிரி பார்ப்பதில்லை. 2018 தனிநபரைப் பற்றி மேலே சொன்னேனே, பதிவானது எல்லோருக்கும் தெரிந்ததாகவே கருதப்படும் என்று, அது உங்களுக்கும் பொருந்தும். ஏலம் கேட்பதற்கு முன்பே இ.சி. போட்டிருக்க வேண்டும் என்று நீதிபதி கேட்டால் நம்மிடம் பதில் இல்லை. அதனால்தான் கோர்ட்டுக்குப் போகும் முன்பே, பணம் உங்கள் கையில் இருக்கும்போதே இதைப் பேசித் தீர்க்கச் சொல்கிறேன். 28,80,000 ரூபாயைக் கட்டும் வரை வங்கி உங்கள் கடிதத்தைப் படிக்கும். கட்டிய பிறகு அதைக் கோப்பில் சேர்த்துவிடும்.

ஆகவே இந்த வாரமே அங்கீகரிக்கப்பட்ட அலுவலருக்குப் பதிவு அஞ்சலிலும் மின்னஞ்சலிலும் ஒரு கடிதம் போகட்டும். நீளமாக வேண்டாம், கோபமும் வேண்டாம். "மேற்படி சொத்தின் வில்லங்கச் சான்றிதழில் தங்கள் அடமானத்துக்கு முந்தைய 2007-ஆம் ஆண்டு அடமானம் ஒன்று ரசீது பதியப்படாமல் உள்ளது. ஏல அறிவிப்பில் இது தெரிவிக்கப்படவில்லை. நான் மீதித் தொகையைச் செலுத்தத் தயாராக இருக்கிறேன். அதற்கு முன் மேற்படி அடமானம் தீர்ந்ததற்கான ஆவணத்தைத் தரவும், அல்லது விற்பனைத் தொகையிலிருந்து தீர்த்து ரசீது பதிந்து தரவும், 2020 ஜப்தியை நீக்க மனுச் செய்யவும், விற்பனைச் சான்றிதழில் விதி 9(10)-ன்படி வில்லங்கம் நீங்கியது என்று குறிப்பிடவும் கேட்டுக்கொள்கிறேன்." இவ்வளவு போதும். பணம் கட்டத் தயார் என்ற வரி மிக முக்கியம். நாளை வழக்கு வந்தால், கட்ட முடியாமல் சாக்குச் சொன்னவர் என்று உங்களைச் சித்தரிக்க அது இடம் கொடுக்காது.

வங்கி அசையவில்லை என்றால் கெடு முடியும் வரை காத்திருக்காதீர்கள். கோயம்புத்தூரில் உள்ள கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் சர்ஃபேசி சட்டத்தின் 17-வது பிரிவில் மனுப் போடலாம், அதற்கு 45 நாள் வரம்பு உண்டு. ஏலம் எடுத்தவரின் முன்பணப் பறிமுதல் தகராறும் அங்கேதான் போக வேண்டும் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதால், நேராக உயர் நீதிமன்றம் போனால் திருப்பி அனுப்பப்படும் வாய்ப்பு அதிகம். மனுவோடு சேர்த்து, மீதித் தொகையைத் தீர்ப்பாயத்திலேயே செலுத்த அனுமதி கேளுங்கள்.

விற்பனைச் சான்றிதழின் வாசகத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். அதற்கென்று விதிகளிலேயே ஒரு படிவம் இருக்கிறது. அதில் "வங்கிக்குத் தெரிந்த வில்லங்கங்கள் நீங்கியதாக" என்று ஒரு வாசகமும், வில்லங்கங்களைப் பட்டியலிட ஒரு இடமும் உண்டு. அந்த இடத்தைப் பெரும்பாலும் வெறுமனே விட்டுவிடுவார்கள், அல்லது "இல்லை" என்று அடிப்பார்கள். உங்கள் சான்றிதழில் அந்த இடத்தில் 2007, 2018, 2020 மூன்றும் ஆவண எண்ணோடு வர வேண்டும். வரைவை முதலில் மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள், படித்துப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கட்டுங்கள். சர்வே எண், நான்கு எல்லை, கதவு எண் எல்லாவற்றையும் 2014 கிரயப் பத்திரத்தோடு ஒப்பிடுங்கள். பழைய சர்வே எண்ணிலும் நகர சர்வே எண்ணிலும் தனித்தனியாக இ.சி. போட்டிருக்கிறீர்களா? ஒன்றில் மட்டும் போட்டிருந்தால் இன்னொன்றிலும் போட்டுவிடுங்கள். எண் மாறினால் பதிவு தெரியாமல் போகும். அதேபோல் 2012 டிசம்பர் வரை தமிழ்நாட்டில் எம்.ஓ.டி.யைப் பதிவது கட்டாயமாக இல்லை. அதற்கு முந்தைய வங்கிக் கடன் இ.சி.யிலேயே வராமல் இருக்கலாம். அசல் பத்திரங்கள் கட்டில் இருக்கின்றனவா என்று பார்க்கச் சொன்னதற்கு இது இன்னொரு காரணம்.

மற்றப் பாக்கிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வீட்டு வரி, தண்ணீர் வரி ரசீதுகளை மாநகராட்சியில் சரிபாருங்கள். மின் இணைப்பில் பழைய பாக்கி இருந்தால், புது இணைப்புக் கொடுக்க அதைக் கட்டச் சொல்லி மின்வாரியம் உங்களைக் கேட்க முடியும் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. விலை 50 லட்சத்துக்குள் இருப்பதால் 1 சதவீத வரிப் பிடித்தம் உங்களுக்கு இல்லை. வீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. சாவி வங்கியிடம் இருக்கிறதா, அல்லது கதவில் நோட்டீஸ் ஒட்டிச் சுவாதீனம் எடுத்ததாகக் காகிதத்தில் மட்டும் இருக்கிறதா என்று கேளுங்கள். காகிதச் சுவாதீனம் என்றால் சர்ஃபேசி சட்டத்தின் 14-வது பிரிவில் மாவட்ட ஆட்சியர் உத்தரவு வாங்கிக் காலி செய்து தரும் வேலையை வங்கிதான் முடிக்க வேண்டும். கடனாளி தீர்ப்பாயத்தில் வழக்குப் போட்டிருந்தால் அதன் எண்ணையும் நிலையையும் எழுத்தில் வாங்குங்கள்.

கடைசியாக ஒன்று. இதை யாரும் யோசிப்பதில்லை, வங்கிகளும் மறந்துவிடுகின்றன. 2007, 2018, 2020 என்று எண்ணிக்கொண்டிருக்கும்போது 2015-ஐ விட்டுவிடாதீர்கள். ஏலம் விட்ட வங்கியின் சொந்த எம்.ஓ.டி.யும் ஒரு வில்லங்கம்தான். விற்றுப் பணம் வாங்கிய பிறகும் அதற்கு ரசீது பதியாமல் விட்டால் அது இ.சி.யில் அப்படியே நிற்கும். என் கட்சிக்காரர் ஒருவர், ஓய்வுபெற்ற நடத்துனர், 2017-ல் வங்கி ஏலத்தில் வீடு வாங்கினார். சான்றிதழ், சாவி, வரி மாற்றம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. 2023-ல் மகள் கல்யாணத்துக்காக விற்கப் போனபோது, வாங்க வந்தவருக்குக் கடன் தரவிருந்த வங்கி "இந்த எம்.ஓ.டி. தீரவில்லையே" என்று நிறுத்திவிட்டது. அவருக்கு விற்ற வங்கியோ 2020-ல் வேறொரு வங்கியோடு இணைந்துபோயிருந்தது. பழைய கிளை இல்லை, கோப்பு எந்த ஊர்க் கிடங்கில் இருக்கிறது என்று தெரியவில்லை. அந்த ரசீதைப் பதிய ஏழு மாதம் ஆனது. கல்யாணத்துக்கு அவர் வட்டிக்கு வாங்கினார். அந்த ஏழு மாதமும் அவர் என் அலுவலகப் பெஞ்சில் மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஆகவே சான்றிதழ் வாங்கும் அன்றே 2015 எம்.ஓ.டி.க்கு ரசீது பதிய ஒரு தேதி குறித்து, கையெழுத்துப் போட வரும் அதிகாரியின் பெயரோடு எழுத்தில் வாங்குங்கள். சான்றிதழ் நகலை வங்கி அனுப்பினால் சார்பதிவாளர் அதை 1-ஆம் புத்தகத்தில் (சொத்துப் பத்திரங்களுக்கான பதிவேடு) கோக்க வேண்டும். அனுப்பியதற்கான கடித நகலை நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். அசலையே பதிவுக்குக் கொடுப்பதாக இருந்தால் கிரயத்துக்கு உரிய முத்திரைத் தீர்வையைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

மீதிப் பணம் கட்டுவதற்கு முந்தின நாள் மறுபடி ஒரு இ.சி. போடுங்கள், இடையில் புதிதாக எதுவும் ஏறியிருக்கலாம். அதற்கு முன் சங்கத்துக்குப் போய்வந்து, பேரேட்டில் என்ன இருந்தது என்று எனக்கு எழுதுங்கள். பாக்கி இல்லை என்றால் தயங்காமல் கட்டலாம்.